பம்பில் வருவது 25 மில்லிதான். குழந்தையோ மாலை முழுவதும் அழுகிறாள்

கேள்வி: தக்கலையிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு இது முதல் குழந்தை, பெண் குழந்தை. சுகப்பிரசவமாகி இன்றோடு 38 நாட்கள் ஆகின்றன. பிறந்தபோது எடை 2.9 கிலோ இருந்தது, ஐந்தாம் நாள் 2.7 கிலோவாகக் குறைந்தது, இன்று காலை பார்த்தபோது 4.1 கிலோ இருந்தது.

நாகர்கோவிலில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மூன்று மாதம் முடிந்ததும் வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பாலைச் சேமித்து வைக்கலாம் என்று, வளைகுடாவில் இருக்கும் என் கணவர் மின்சாரப் பம்பு ஒன்றை வாங்கி அனுப்பினார். இருபதாம் நாளிலிருந்து, குழந்தைக்குப் பால் கொடுத்து முடித்த பிறகு, நாளொன்றுக்கு ஆறு முறை பம்பு வைத்து எடுக்கிறேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு முறைக்கு 25 மில்லிக்கு மேல் வருவதில்லை. காம்பைச் சுற்றி வட்டமாகச் சிவந்து எரிகிறது. மோட்டார் ஓசை தொடங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. புட்டியில் பால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்பதைத் தவிர வேறெதிலும் என் கண் போவதில்லை.

அந்த 25 மில்லியும் சேமிப்புக்குப் போகவில்லை என்பதுதான் வேடிக்கை. பிள்ளை அழுதவுடன், அவளுக்குப் பால் பற்றவில்லை என்று சொல்லி, மாமி அதையும் புட்டியில் கொடுத்துவிடுகிறார்கள். மாமியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பால் ஊற வேண்டும் என்று சுறாப்புட்டும், பூண்டுக் குழம்பும், வெந்தயக் கஞ்சியும் மாறிமாறிச் செய்து தருபவர்கள் அவர்கள்தான்.

குழந்தை மாலை ஆறு மணிக்கு அழத் தொடங்கினால் ஒன்பது மணி வரை நிறுத்துவதில்லை. கால்களை வயிற்றோடு மடக்கி, முகம் சிவந்து, முதுகை வில்லாக வளைக்கிறாள். மார்பில் போட்டால் மடக்மடக்கென்று விழுங்கி, இருமி, வாயை எடுத்துக்கொண்டு வீறிடுகிறாள். அடிக்கடி தயிர்போலக் கக்குகிறாள். சில நாட்களில் மலம் பச்சையாக, நுரையோடு போகிறது. எனக்குப் பால் குறைவா? நான் சாப்பிடும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சக்கையும் (பலாப்பழம்) அவளுக்கு வாயுவை உண்டாக்குகின்றனவா? பக்கத்து வீட்டில் வசம்பு உரசிக் கொடுக்கச் சொல்கிறார்கள், கிரைப் வாட்டர் கொடுக்கச் சொல்பவர்களும் உண்டு. எதைக் கேட்பது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

பதில்: குளச்சல், இரண்டு பிள்ளைகளின் தாய்

தங்கையே, உங்கள் கேள்விக்கான விடை நீங்கள் எழுதியிருக்கும் எண்களிலேயே இருக்கிறது. ஐந்தாம் நாளிலிருந்து இன்று வரை 33 நாட்களில் குழந்தை 1,400 கிராம் ஏறியிருக்கிறாள். அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 42 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் வரை ஏறினாலே மருத்துவர்கள் திருப்தியாகத் தலையசைப்பார்கள். பால் பற்றாத குழந்தை இப்படி எடை ஏறாது.

அடுத்து அந்த 25 மில்லி. குழந்தை குடித்து முடித்த பிறகு எடுக்கும் மிச்சம் அது. கன்று வயிறு நிறையக் குடித்து விலகிய பிறகு செம்பைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போய், இந்தப் பசு கறக்கவில்லையே என்று வருந்துவதைப் போன்றதுதான் நீங்கள் செய்வது. ஆறு முறைக்கு 25 மில்லி வீதம் நாளொன்றுக்கு 150 மில்லி. இவ்வளவும் அவள் தேவைக்கு மேலாகச் சுரக்கும் பால். மார்பிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறதோ அதற்கேற்பத்தான் உடல் சுரக்கும் என்பதால், நீங்கள் பதினெட்டு நாட்களாக ஒரு பிள்ளைக்குப் பதில் ஒன்றேகால் பிள்ளைக்குப் பால் வேண்டும் என்று உடலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

என் மூத்தவனிடமும் இதே மடக்மடக் ஓசை, இதே இருமல், இதே பச்சை நுரை மலம் இருந்தன. பால் குறைவு என்று நினைத்து நானும் பம்பு வைத்தேன். நிலைமை மோசமானதுதான் மிச்சம். பால் வேகமாகப் பீறிட்டு வரும்போது பிள்ளை அதைச் சமாளிக்க முடியாமல் காற்றையும் சேர்த்து விழுங்குகிறது. அதன்மேல் புட்டியில் இன்னொரு 25 மில்லி போனால் கக்காமல் என்ன செய்யும்? நீங்கள் பின்னால் நன்றாகச் சாய்ந்து, குழந்தையை உங்கள் மேல் கவிழ்ந்தவாறு படுக்க வைத்துக் கொடுத்துப் பாருங்கள். பால் மேல்நோக்கி வர வேண்டியிருப்பதால் வேகம் தணியும். முதல் பீறலை ஒரு துணியில் விட்டுவிட்டுப் பிறகு வாயில் வைத்தாலும் நல்லது. பம்பை மட்டும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், பால் கட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்று வீதம், எடுக்கும் தடவைகளைக் குறைத்து வாருங்கள்.

பதில்: நாகர்கோவில், பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர்

மகளே, குளச்சல் தாய் சொன்ன கணக்கு சரியானது. வயிறு நிறைகிறதா என்பதை எடை மட்டுமல்ல, சிறுநீரும் சொல்லும்: ஐந்தாம் நாளுக்குப் பிறகு, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் குடிக்காத குழந்தை 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் கழித்தால் பால் போதுமானது.

பம்பு வலிக்கக் கூடாது; வலித்தால் ஏதோ தவறு இருக்கிறது. மார்பில் பொருந்தும் புனலின் அளவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெட்டியோடு வரும் புனல் பல பெண்களுக்குப் பெரிதாக இருப்பதுண்டு. காம்பின் அடிப்பகுதி விட்டத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்து, அதைவிடச் சில மில்லிமீட்டர் மட்டும் பெரிய புனலைத் தேர்ந்தெடுங்கள். காம்பு குழாய்க்குள் தடையின்றி அசைய வேண்டும்; சுற்றியுள்ள கருவட்டம் உள்ளே இழுபடக் கூடாது. உறிஞ்சும் வேகத்தை உச்சத்தில் வைத்தால் பால் கூடும் என்பது தவறான எண்ணம். சிறிய ரப்பர் வால்வு கிழிந்தாலும் சரியாகப் பொருந்தாவிட்டாலும் இழுவை போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

நெஞ்சு படபடப்பதாக எழுதியிருக்கிறாய். பாலை வெளியே தள்ளுவது ஆக்சிடோசின் என்னும் சுரப்பு நீர். அச்சமும் வலியும் அதைத் தடுத்துவிடும். பால் உள்ளே இருந்தும் இறங்காது. எங்கள் பிரிவில் சில தாய்மார் பிள்ளையின் காலுறையைப் புட்டியின் மேல் மாட்டிவிடுவார்கள், கோடு கண்ணில் படாமல் இருப்பதற்காக. சிரிப்பாகத் தோன்றலாம், ஆனால் அவர்களில் பலருக்குப் பால் நன்றாக இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். கையால் பீய்ச்சி எடுக்கவும் பழகிக்கொள். மின்வெட்டு நாளில் அதுதான் கைகொடுக்கும்.

சேமிப்புக்காக இப்போதே ஆறு முறை எடுக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் குடிக்கும் குழந்தை சராசரியாக ஒரு நாளில் 750 மில்லி அளவில் குடிக்கும். பயணத்தையும் சேர்த்து நீ ஒன்பது மணி நேரம் வெளியே இருந்தால் 300 மில்லி போதும். முதல் நாளுக்கு அவ்வளவு கையிருப்பு இருந்தால், மறுநாளுக்கானதை நீ வேலையிடத்தில் எடுத்துவிடலாம். பால் சுரப்பு அதிகமாக இருக்கும் விடியற்காலையில் ஒரு முறை எடு. வேலைக்குத் திரும்புவதற்கு மூன்று வாரம் முன்பு தொடங்கினால் தாராளம். எடுத்த பாலை 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் வைக்கலாம் என்பார்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவ்வளவு நேரம் காத்திருக்காமல் உடனே குளிர்பெட்டியின் உட்புறத்தில் வைத்துவிடு. கதவுப் பக்கம் வேண்டாம். அங்கே நான்கு நாட்கள் வரை இருக்கும். கொடுக்கும்போது பாத்திரத்தை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்க வேண்டும், அடுப்பில் காய்ச்சக் கூடாது. புட்டிக்குப் பதில், மூக்குள்ள சிறு கிண்ணமான பாலாடையில் கொடுக்க மாமிக்குப் பழக்கிவிடுவது நல்லது. அதைக் கழுவுவதும் கொதிக்க வைப்பதும் எளிது.

வசம்பு வேண்டாம். உரசும் கல்லிலும் நீரிலும் இருக்கும் கிருமி ஒரு பக்கம். வசம்பே பச்சிளங்குழந்தைக்கு வாந்தியையும் மயக்கத்தையும் உண்டாக்கக்கூடும் என்பது மறுபக்கம். கிரைப் வாட்டரும் தேவையில்லை. ஆறு மாதம் வரை தண்ணீர்கூடத் தேவையில்லாத வயிறு அது. மரச்சீனியையும் சக்கையையும் நீ தாராளமாகச் சாப்பிடலாம். உன் வயிற்றில் உண்டாகும் வாயு பாலுக்குள் போவதில்லை. ஆனால் சுறாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுறா போன்ற மீன்களில் பாதரசம் கூடுதலாகச் சேரும் என்பதால் பாலூட்டும் பெண்கள் அதைத் தவிர்ப்பது நல்லது. சாளையும் நெத்தோலியும் சத்தில் எவ்வகையிலும் குறைந்தவை அல்ல.

மாலை நேர அழுகை பெரும்பாலும் ஆறாவது வார அளவில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கும். ஆகவே எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கொஞ்சம் அழுவாள்; அது உன் தவறு அன்று. ஆனால் உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, வாந்தி பச்சையாக வந்தாலோ, ஒவ்வொரு முறையும் தூரத்தில் பீய்ச்சி அடித்தாலோ, மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, குடிக்க மறுத்துத் துவண்டாலோ அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். உன் மார்பில் சிவந்த, சூடான கட்டியும் காய்ச்சலும் வந்தால் நீயும் போக வேண்டும். கட்டியை அழுத்திப் பிசைந்து கரைக்கப் பார்க்காதே.

பதில்: கருங்கல், ஒரு தாய்

மேலே சொன்னவை இந்தச் சகோதரிக்குப் பொருந்துகின்றன. எனினும் இதைப் படிக்கும் எல்லோருக்கும் அதே ஆறுதல் பொருந்தாது என்பதற்காக எழுதுகிறேன். எனக்கும் சுற்றியிருந்தவர்கள், எல்லாத் தாய்க்கும் பால் இருக்கும், பயப்படாதே என்றுதான் சொன்னார்கள். என் மகன் இரண்டு வாரம் கடந்தும் பிறந்த எடைக்குத் திரும்பவில்லை. நாளுக்கு மூன்று முறைதான் சிறுநீர் போனான், அதுவும் அடர்மஞ்சளாக. பரிசோதித்தபோது எனக்குத் தைராய்டு குறைபாடு இருந்தது தெரிய வந்தது. எனக்கு மருந்து தொடங்கி, மருத்துவர் சொன்ன அளவில் சில வாரம் பவுடர் பாலையும் பாலாடையில் சேர்த்துக் கொடுத்தோம். அந்த நாட்களில் நான் அடைந்த வெட்கம் தேவையற்றது என்று இப்போது தெரிகிறது. எடை ஏறாத குழந்தையின் தாய்க்குத் தராசும் மருத்துவரும்தான் வேண்டும், அறிவுரை அப்புறம்.

பதில்: மார்த்தாண்டம், ஒரு பாட்டி

மக்களே, உன் மாமியின் பக்கம் நின்று இரண்டு வார்த்தை. எங்கள் காலத்தில் பம்பு கிடையாது. பிள்ளை அழுவதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல். அழுதால் பசி என்றுதான் எங்கள் காது கேட்கும். மூன்று மாதத்தில் பேரனுக்கு மட்டிப்பழத்தை மசித்துக்கொண்டு போய் நின்றவள் நான். ஆறு மாதம் முடியட்டும் என்று மகள் தடுத்தபோது இரண்டு நாள் பேசவில்லை. தேன் ஒரு வயது வரை ஆகாது என்பதையும் அவள்தான் சொன்னாள், தேனுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு!

மாமியிடமிருந்து புட்டியை வாங்கும்போது அந்தக் கை வெறுமையாகிவிடக் கூடாது. பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டு, முதுகைத் தடவி ஏப்பம் எடுக்கும் வேலையை அவர்களிடம் கொடு. அதற்குப் பொறுமையும் நேரமும் வேண்டும்; இரண்டும் எங்களிடம்தான் இருக்கின்றன.

கேள்வி கேட்டவர், 12 நாட்களுக்குப் பிறகு

எல்லோருக்கும் நன்றி. காம்பை அளந்தபோது 16 மில்லிமீட்டர் இருந்தது. பெட்டியில் வந்த புனலோ 28. சிறிய புனல் ஒன்றை வாங்கிய பிறகு எரிச்சல் நின்றுவிட்டது. ஒவ்வொன்றாகக் குறைத்து, இப்போது விடியற்காலையில் ஒரு முறை மட்டும், காலுறை மாட்டிய புட்டியில் எடுக்கிறேன். முதல் நாள் 70 மில்லி வந்திருந்தது. இடையில் ஒரு நாள் வலப்பக்கம் கல்லாகக் கட்டிக்கொண்டு பயமுறுத்தியது. குழந்தை குடிக்கக் குடிக்க இளகிவிட்டது. கடந்த புதன்கிழமை தடுப்பூசிக்குப் போனபோது எடை 4.3 கிலோ இருந்தது. மலம் மஞ்சளுக்குத் திரும்பிவிட்டது. கக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை.

விடுப்பைப் பற்றி ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: 2017ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்தே முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு உண்டாம், வேலைக்குத் திரும்பிய பின்பும் குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டாம். நிறுவனத்துக்கு எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

மருத்துவர் சொன்னதாக நான் சொல்லியிருந்தால் மாமி வருந்தியிருப்பார்கள். பாட்டி எழுதியதைப் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார்கள். இப்போது பால் கொடுத்து முடிப்பதற்குள் தோளில் துணியைப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். மாலை அழுகை இருக்கத்தான் செய்கிறது. நேற்று ஆறே முக்காலுக்குத் தொடங்கி ஏழரைக்கு நின்றது.