புதுப்பிப்பு: கானாடுகாத்தான் வீட்டுத் தொலைபேசிப் பெட்டி

தரைவழித் தொலைபேசிக்கு வரும் அழைப்பை இரண்டாங்கட்டில் இருக்கும் ஆயாவின் (பாட்டியின்) கைப்பேசிக்கும், மலேசியாவிலிருந்து மாமா இணையம் வழியே அழைப்பதை முகப்பிலுள்ள பழைய தொலைபேசிக்கும் திருப்பிவிட, நானும் காரைக்குடிக் கல்லூரித் தோழர்கள் இருவரும் கணினியைத் தொலைபேசி இணைப்பகமாக மாற்றும் ஆஸ்டரிஸ்க் மென்பொருளைக் கொண்டு ஒரு பெட்டி செய்ததையும், எதிர்முனையில் வைத்துவிட்ட பிறகும் லைன் விடுபடாமல் கிடந்ததையும் முன்பு எழுதியிருந்தேன்.

வயரில் கோளாறு என்று நினைத்து அரை நாள் அதைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். காரணமோ ஒலியில் இருந்தது. எதிர்முனையில் வைத்ததும் லைனில் வரும் பிஸி ஒலியைக் கண்டுகொண்டுதான் பெட்டி லைனை விட வேண்டும். நம் நாட்டில் பிஸி ஒலி 400 ஹெர்ட்ஸில் முக்கால் நொடி ஒலித்து, முக்கால் நொடி அடங்கும். எங்கள் பெட்டி அமெரிக்க முறைப்படி 480, 620 ஹெர்ட்ஸ் கலந்து அரை நொடி ஒலித்து, அரை நொடி அடங்கும் ஒலிக்காகக் காத்திருந்தது. பெட்டியில் பிஸி ஒலிக்கான அமைப்பை இந்திய முறைக்கு மாற்றியதும் நான்கைந்து முறை ஒலிப்பதற்குள் லைன் விடுபடுகிறது.

ஆயாவுக்குத் தன் குரலே திரும்பக் கேட்கும் எதிரொலி மட்டும் முழுமையாகப் போகவில்லை. இரண்டு கம்பி லைன் பெட்டியோடு சேரும் இடத்தில் மின்மறுப்பு (மாறும் மின்னோட்டத்துக்கு ஏற்படும் தடை) பொருந்தாமல் குரலில் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது; எதிரொலி நீக்கியைக் கூட்டினால் பேச்சின் முதல் அசை வெட்டுப்படுகிறது.

மாமாவின் அழைப்பை வெளி எண்களுக்கும் அனுப்பலாமே என்று கேட்டிருந்தவர்களுக்கு: உரிமம் இல்லாமல் அப்படிச் செய்யக் கூடாது என்பதால், அது முகப்புத் தொலைபேசியோடு நின்றுவிடும்.