1967 எம்ஜி மிட்ஜெட்: ஸ்டியரிங்கில் ஆட்டமும் இருக்கிறது, இறுக்கமும் இருக்கிறது. மாற்றவா, திருத்தவா?

உப்புவெளி_மிட்ஜெட்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு எம்ஜி மிட்ஜெட் இருக்கிறது, இங்கிலாந்தின் சின்ன இரண்டு சீட் கார், 1967 முற்பகுதியில் செய்தது, 1275 சிசி, வயர் வீல் (கம்பிச் சில்லு). பெரியப்பாவின் கார். ஏழெட்டு வருடம் திருகோணமலைப் பக்கம் உப்புவெளியில் ஓலைக் கொட்டிலுக்குள் கிடந்தது, கடல் கூப்பிடு தூரத்தில், ஆகவே உப்புக்காற்று தின்றது போக மிஞ்சியதைத்தான் இரண்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எஞ்சினும் பிரேக்கும் ஒரு வழிக்கு வந்துவிட்டன. ஸ்டியரிங்தான் உயிரை வாங்குகிறது.

நேராகப் போகும்போது ஸ்டியரிங்கை இரண்டு அங்குலம் ஆட்டினாலும் காருக்கு ஒன்றும் தெரியாது. நிலாவெளி வீதியில் அறுபதைத் தாண்டினால் முன்பக்கம் நடுங்குகிறது. ஆனால் திருப்பும்போது கல் மாதிரி இறுக்கம், உவர்மலை வளைவில் திருப்பினால் தானாக நேருக்கு வராது, நான்தான் இழுத்து நேராக்க வேண்டும். ஆட்டமும் இறுக்கமும் ஒரே காரில் எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

கராஜ் பாஸ் சொல்கிறார் ராக் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடம் வலம் நகர்ந்து சில்லுகளைத் திருப்புகிற பல்லுத் தண்டு) முடிந்தது, அதைக் கழற்றிவிட்டு ஒரு சுசுகி ஆல்டோவின் எலெக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் கொலத்தை (மோட்டர் பூட்டிய ஸ்டியரிங் தண்டை) வெட்டி இதில் வெல்டிங் பண்ணித் தருகிறேன், ஒரு விரலால் திருப்பலாம் என்று. இன்னொரு நண்பர் மொறிஸ் மைனர் ராக் அப்படியே பொருந்தும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? முன் ரயர் 175/70, இங்கே கிடைத்தது அதுதான். பழைய பெரிய ஸ்டியரிங் வீலுக்குப் பதில் சின்ன மர வீல் போட்டிருக்கிறேன், அழகுக்கு.

லேத்_கந்தளாய்:

தம்பி, வெல்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டியரிங் தண்டில் வெல்டிங் விட்டால் அதற்கு முன்னறிவித்தல் கிடையாது. வளைவில் விடும்.

ராக் போய்விட்டது என்று பாஸ் எதை வைத்துச் சொன்னார்? கழற்றிப் பார்த்தாரா? முதலில் ஆட்டம் எங்கே என்று கண்டுபிடியுங்கள், ஒரு சதம் செலவில்லை. ஒரு பக்கத்தை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால், வீட்டில் ஒருவரை பிரேக்கை மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் அது சில்லு பெயரிங். நிற்காவிட்டால் கிங்பின் (சில்லு இடம் வலம் திரும்புகிற நிலைக்குத்து அச்சு), இல்லாவிட்டால் அதற்குக் கீழே விஷ்போனுக்குள் (சில்லைத் தாங்குகிற கீழ்க் கைக்குள்) திருகாணி மாதிரிப் போகிற ஃபல்கிரம் பின். டோர்ச் அடித்து எந்த இடம் அசைகிறது என்று பாருங்கள். பிறகு சில்லை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அந்த ஆட்டம் ரொட் எண்டிலோ (ராக்கின் தண்டு சில்லுப் பக்கம் சேர்கிற மூட்டு), ராக்கின் ரப்பர் உறைக்குள் இருக்கிற உள் போல் ஜொயின்டிலோ இருக்கும். உறையை விரல்களால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஆட்டினால் உள்ளே தட்டுவது கையிலேயே தெரியும்.

வயர் வீல் என்றபடியால் இன்னொன்று. ஹப்பின் பற்கள் தேய்ந்திருந்தாலும், கம்பிகள் தளர்ந்திருந்தாலும் சில்லு ஆடும். அதைக் கிங்பின் என்று நினைத்துக் காசை விட்டவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

இறுக்கத்துக்கு: இரண்டு முன் சில்லையும் தூக்கிவிட்டுத் திருப்பிப் பாருங்கள். லேசாக இருந்தால் குற்றம் ரயரில். அப்போதும் இறுக்கமென்றால் இரண்டு ரொட் எண்டையும் கழற்றிவிட்டு ராக்கைத் தனியாகவும், ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகவும் திருப்புங்கள். எது இறுகுகிறதோ அதுதான்.

ஏ40_யாழ்:

கந்தளாய்த் தம்பி சொன்னது சரி. நான் மைனர் கதையை மட்டும் பார்க்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்டின் ஏ40ம் மாடு கன்று மாதிரி வீட்டுக்கு வீடு இருந்தவை.

அந்த நண்பர் முழுப் பொய் சொல்லவில்லை. 1958 இல் வந்த முதல் ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட்டுக்கு முன் சஸ்பென்ஷனை ஒஸ்டின் ஏ35 இலிருந்தும் ராக்கை மைனர் வழியிலும்தான் எடுத்தார்கள், 1961 இல் வந்த மிட்ஜெட் அந்த ஸ்பிரைட்டின் கூடப்பிறப்பு. ஆனால் வழி ஒன்று என்பதால் பொருள் ஒன்றாகிவிடாது. மைனரில் ராக் அச்சுக்குப் பின்னால், மிட்ஜெட்டில் அச்சுக்கு முன்னால். கழற்றி அப்படியே மாட்டுகிற வேலை இல்லை அது.

நான் கேட்க வந்தது வேறு. உங்கள் ராக்குக்குள் கிறீஸ் அடித்தார்களா? அதில் ஒரு நிப்பிள் (ஒயிலோ கிறீஸோ ஏற்றுகிற சின்ன முனை) இருக்கும், நிப்பிளைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இராது, கிறீஸ் கன்னை வைத்து அடித்துவிடுவார்கள். அது ஒயிலுக்கான நிப்பிள். ஈபி 90 கியர் ஒயில்தான் போக வேண்டும். கிறீஸ் ஒரு மூலையில் கட்டியாக நிற்கும், பற்களுக்குப் போய்ச் சேராது. ரப்பர் உறை கிழிந்திருந்தால் நிலாவெளி மணலும் உள்ளே போய் நல்ல அரத்தூள் ஆகிவிடும்.

கிங்பின்னுக்கு மட்டும் கிறீஸ். அதுவும் சில்லைத் தூக்கிவிட்டு அடியுங்கள், பாரம் நிலத்தில் இருக்கும்போது அடித்தால் போக வேண்டிய பக்கத்துக்குப் போகாது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று நிப்பிள். கீழே இருக்கிறதை எல்லோரும் மறப்பார்கள்.

டொரன்டோ_திருமலையான்:

எலெக்ட்ரிக் ஸ்டியரிங் என்றால் ஏன் எல்லோரும் பேயைக் கண்ட மாதிரி? என்னிடம் எம்ஜிபி இருக்கிறது, தோள் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஓட்ட முடியாமல் போய், கொலத்தில் பூட்டுகிற மோட்டர் போட்டேன். இன்றைக்கும் ஓட்டுகிறேன் என்றால் அதனால்தான். ஆனால் என்னுடையதில் வெல்டிங் இல்லை, பல்லுப் பொருந்துகிற கப்ளிங்கும் யுனிவர்சல் ஜொயின்டும் முறையாகச் செய்வித்தது. மோட்டர் இழுக்கும் கரண்டுக்காக ஓல்டர்னேட்டரும் மாற்றினேன். செய்யவே கூடாது என்று சொல்லாதீர்கள்.

லேத்_கந்தளாய்:

அண்ணா, தோள் வருத்தத்துக்குச் செய்தது நியாயம். எம்ஜிபி பாரமான காரும்கூட. இந்தத் தம்பியின் மிட்ஜெட் எழுநூறு கிலோ சொச்சம், அதற்கு எதற்கு மோட்டர்? 1967 முற்பகுதி என்றால் அதில் டைனமோ, கூடிப்போனால் 22 அம்பியர் தரும், லைட்டும் வைப்பரும் போட்டாலே அது களைத்துவிடும். அதைவிட, அந்த வருடக் காரில் பொசிட்டிவ் ஏர்த், அதாவது பட்டரியின் பொசிட்டிவ் முனைதான் கார் உடலோடு சேர்ந்திருக்கும். ஜப்பான் கொலத்தின் பெட்டியை மாறிக் கொடுத்தால் புகைதான் வரும். பாஸ் இதையெல்லாம் யோசித்தாரா?

பழுதான கிங்பின்னுக்கு மேல் மோட்டரைப் பூட்டினால் ஆட்டம் அப்படியே இருக்கும், இறுக்கம் மட்டும் கைக்குத் தெரியாமல் போகும். அதுதான் எனக்குப் பயம்.

உப்புவெளி_மிட்ஜெட்:

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் காருக்குக் கீழே கிடந்தேன். மனைவி பிரேக் மிதித்தாள், திட்டிக்கொண்டே. இடது சில்லில் மேலும் கீழும் நல்ல ஆட்டம், பிரேக் பிடித்தும் நிற்கவில்லை, விஷ்போன் நுனியில்தான் அசைகிறது. வலது சில்லில் ஆட்டமே இல்லை, ஆனால் ரொட் எண்டைக் கழற்றிவிட்டுத் தனியாகத் திருப்பினால் இரண்டு கையும் வேண்டும், கிங்பின் இறுகிப்போயிருக்கிறது. ராக் தனியாக வெண்ணெய் மாதிரிப் போகிறது! உறை கிழிசல், உள்ளே கறுப்புக் கிறீஸ், ஏ40 ஐயா நேரில் பார்த்தது போலச் சொன்னீர்கள். ஆக, ஆட்டம் இடது பக்கம், இறுக்கம் வலது பக்கம். நான் இரண்டையும் ஒரே வியாதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடது ஃபல்கிரம் பின்னைக் கழற்றப் பார்த்தால் அதைப் பூட்டியிருக்கிற கொட்டர் பின் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கவா?

லேத்_கந்தளாய்:

அடிக்காதீர்கள், தலை விரிந்து இன்னும் இறுகும். நட்டைக் கழற்றி இரண்டு நாள் ஒயில் ஊறவிட்டு, சூடு காட்டிப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும், அதை வீட்டில் கை ட்ரில்லால் முயலாமல் விஷ்போனோடு கழற்றிக் கொண்டு வாருங்கள். கழற்றும்போது ஸ்பிரிங் கவனம். அது அழுத்தத்தில் நிற்கிறது, பாய்ந்தால் கை போகும். ஸ்பிரிங் தட்டில் எதிரெதிராக இரண்டு பொல்ட்டை எடுத்துவிட்டு நீளமான பொல்ட் போட்டு, மற்ற இரண்டையும் கழற்றி, பிறகு நீள பொல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தித் தட்டை இறக்குங்கள்.

விஷ்போன் நுனியிலேயே ஆட்டம் என்றால் பின் மட்டும் புதிதாகப் போட்டு வேலையில்லை, விஷ்போனுக்குள் இருக்கிற புரியும் தேய்ந்திருக்கும். விஷ்போனும் வேண்டும். கிங்பின் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், புஷ்களை (கிங்பின்னைச் சுற்றி இருக்கிற உலோகக் குழல்களை) தட்டி இறக்கினால் போதாது, இறக்கிய பிறகு ரீமர் (துளையை அளவாகச் சீவுகிற கருவி) போட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அந்த ரீமர் இல்லாத இடத்தில் கொடுத்துவிட்டு மணற்கடதாசியால் தேய்த்தார்கள் என்று பிறகு அழக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் டோ-இன் (முன் சில்லுகளின் முன்விளிம்புகள் உட்பக்கம் திரும்பி நிற்கும் அளவு) பாருங்கள், பூச்சியத்திலிருந்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும். ரயரை 155 க்கு மாற்றினால் பாதி இறுக்கம் அங்கேயே போகும். பழைய பெரிய ஸ்டியரிங் வீலையும் தேடி எடுங்கள், அவ்வளவு பெரிதாகச் செய்தது சும்மா இல்லை.

ஏ40_யாழ்:

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் மிட்ஜெட் விஷ்போன் தேடி அலையாதீர்கள், வெயிலும் போக்குவரத்துச் செலவும்தான் மிச்சம். இங்கிலாந்தில் புதிதாகவே கிடைக்கிறது. புஷ் போட்டு ரீமர் செய்த ஸ்டப் அக்ஸிலும் (சில்லு பூட்டுகிற சிறு அச்சு) விற்கிறார்கள், யாராவது வந்தால் கொண்டுவரச் சொல்லுங்கள், பாரம் அதிகமில்லை.

உப்புவெளி_மிட்ஜெட்:

வெம்பிளியில் இருக்கிற மச்சான் கோயில் திருவிழாவுக்கு வருகிறான். இடது விஷ்போன், இரண்டு ஃபல்கிரம் பின், இரண்டு ராக் உறை, கிங்பின் செட் சொல்லிவிட்டேன். சூட்கேசில் முட்கரண்டி மாதிரி இரும்பைக் கண்டால் கட்டுநாயக்க விமான நிலையத்தில் என்ன கேட்பார்களோ என்று இப்போதே பயப்படுகிறான். ரீமர் வேலைக்குக் கந்தளாய்க்கே வருகிறேன், வெள்ளிக்கிழமை கடை திறந்திருக்குமா?

லேத்_கந்தளாய்:

வெள்ளி பூட்டு. சனி காலையில் வாருங்கள், பழைய பின்னையும் கொண்டு வாருங்கள், தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். காரில் வராதீர்கள்.