அந்தமான் செல்லுலார் சிறை: போய் வந்தவர்கள் பகிர்ந்த அனுபவங்கள்

கடலோரவாசி எழுதியது:

மற்றவர்கள் சாவர்க்கர் இருந்த மூன்றாம் தளத்துக் கொட்டடியைப் பார்க்க ஏறிவிட்டார்கள். முழங்கால் வலியால் நான் மகளோடு கீழ்த்தளத்தில் தங்கி, எவர் பெயரும் எழுதப்படாத ஒரு கொட்டடிக்குள் நுழைந்தேன். சுமார் 13½ அடி நீளம், 7 அடி அகலம், எட்டாத உயரத்தில் ஒரு காற்றுத் துளை, அவ்வளவுதான். ஒன்பது வயதுக் குழந்தை விளையாட்டாகக் கம்பிக் கதவைச் சாத்தித் தாழையும் தள்ளிவிட்டாள். அந்தத் தாழ் கதவோடு முடிவதில்லை. வெளிச்சுவரில் தள்ளிக் குடைந்திருக்கும் பொந்துக்குள் போய்ச் சேருகிறது. தோள்பட்டை கம்பியில் அழுந்தும் வரை கையை நீட்டியும் என் விரல் அதைத் தொடவில்லை. என் முகத்தைப் பார்த்து அவள் சிரிப்பை நிறுத்தினாள். பதறிக்கொண்டு தாழை இழுத்தாள். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. ஆனால் எதிர் வரிசையின் முதுகுச் சுவரைத் தவிர வேறெதுவும் தெரியாத அந்த இடத்தில், ஒருவர் இருப்பதை மற்றவர் அறியாமலேயே எத்தனை பேர் மடிந்திருப்பார்கள் என்ற நினைவு இன்றும் தூங்கவிடவில்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

நண்பரின் வேதனை புரிகிறது. ஆனால் அவர் கடைசியில் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. 1896 முதல் 1906 வரை, பர்மாவிலிருந்து செங்கல் வரவழைத்து, நடுக் கோபுரத்தைச் சுற்றி ஏழு வரிசைகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல எழுப்பியவர்களின் நோக்கம் கைதிகளைப் பிரித்து வைப்பதுதான். ஆயினும் அந்த நோக்கம் முழுமையாக நிறைவேறவில்லை. 1933இல் உள்ளே இருந்த அரசியல் கைதிகள் ஒன்றுசேர்ந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். வலுக்கட்டாயமாக உணவு செலுத்தப்பட்டு மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிரிழந்தார்கள். மீண்டும் 1937இல் உண்ணாவிரதம் தொடங்கியது. அதன் பிறகே அரசியல் கைதிகள் தாய்நாட்டுச் சிறைகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஒருவரையொருவர் அறியாதவர்களால் இதைச் செய்திருக்க முடியுமா? சிறைக்கு எதிரே உள்ள பூங்காவில் மகாவீர் சிங்கின் சிலை இருக்கிறது. கோயில் வாசலில்கூடச் செருப்பைக் கழற்றச் சலித்துக்கொள்ளும் என் தந்தை, யாரும் சொல்லாமலே அதைக் கழற்றிவிட்டுச் சுடுதரையில் நின்றார். நான் கூப்பிட்டும் நகரவில்லை.

செக்கடித் தெரு எழுதியது:

செக்கைப் பற்றி யாரும் எழுதாததால் சொல்கிறேன். ஒருவர் நாளொன்றுக்கு 30 பவுண்டு தேங்காய் எண்ணெய் ஆட்ட வேண்டும் என்று வழிகாட்டி சொன்னார். எங்கள் தாத்தா வீட்டுச் செக்கில் மாடுகளுக்குக்கூட உச்சி வெயிலில் ஓய்வு உண்டு. கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி.யைப் பாடமாகப் படித்தபோது விளங்காத ஒன்று, அந்த நுகத்தடியின் உயரம் என் மார்பளவு இருப்பதைக் கண்டபோதுதான் விளங்கியது.

இனிப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாலை ஒலி ஒளிக் காட்சியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். பகல் வெளிச்சத்தில், கையில் தண்ணீரோடு, இரண்டு மணி நேரமாவது ஒதுக்கிக்கொண்டு போங்கள். கோபுரத்தில் பளிங்குப் பலகைகளில் மாகாணவாரியாகப் பொறித்திருக்கும் பெயர்களைப் படம் பிடிப்பதோடு நிற்காமல், பத்துப் பெயரையாவது வாய்விட்டு வாசியுங்கள். மேல்தளத்துக்கு ஏறிக் கடலைப் பாருங்கள்; அங்கே காவலுக்குச் சுவரைவிடக் கடல்தான் பெரிது என்பது அப்போது தெரியும். ஒரே நேரத்தில் மூவரைத் தூக்கிலிட அமைத்த மேடை முற்றத்தில் இருக்கிறது. குழந்தைகளிடம் அது என்னவென்று முன்கூட்டியே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கைதி போல நின்று படம் எடுக்காதீர்கள். இதை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

போர்ட் பிளேர் தமிழன் எழுதியது:

2024இல் ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறினாலும் எங்கள் வாயில் பழைய பெயரே வருகிறது. விருந்தினர் வந்தால் மட்டுமே நான் சிறைக்குள் போவேன். ஏழு வரிசைகளில் இன்று நிற்பவை மூன்று; இடிக்கப்பட்ட பகுதியில் அரசு மருத்துவமனை எழுந்தது. முன்னாள் கைதிகள் எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் எஞ்சியவை தப்பி, 1979இல் தேசிய நினைவிடமாயின. என் தந்தை கடைசி நாள்களில் அந்த மருத்துவமனையில் இருந்தார். ஒரு மாலையில் சன்னல் வழியே, வரிசையாகத் தெரிந்த காற்றுத் துளைகளை வெகுநேரம் பார்த்துவிட்டு, “அங்கே யாரப்பா இருக்கிறார்கள்?” என்று கேட்டார். “யாரும் இல்லை” என்று சொல்லித் திரையை இழுத்து மூடினேன். அவர் விரலை நீட்டி, திரையைத் திறக்கச் சொன்னார்.