எச்.ஆரைத் தாண்டி நேராக சேல்ஸ் மேனேஜரிடம் போகலாமா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 34. வாட்டர் பியூரிஃபையர் விற்பனையில் 9 வருடம். கடலூர், பண்ருட்டி, நெய்வேலி லைன் முழுக்க நான்தான் பார்த்தேன். மார்ச்சில் டீலர் கடையை மூடிவிட்டார். ஐந்து மாதமாக வேலை தேடுகிறேன்.

பழைய பழக்கம், இதையும் டார்கெட் மாதிரிதான் செய்கிறேன். ஒரு நோட்டில் கோடு போட்டு கம்பெனி, பேசிய ஆள், அடுத்து கூப்பிட வேண்டிய தேதி என்று எழுதி வைக்கிறேன். இதுவரை 62 கம்பெனி. ஆன்லைனில் போட்டது 30, ஒன்றுக்கும் பதில் இல்லை. புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுகளுக்கு பைக்கிலேயே போய்ப் பார்த்தேன். பயோடேட்டா செக்யூரிட்டி மேஜையைத் தாண்டவில்லை. ஒரு இடத்தில் அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார்கள்! இன்டர்வியூ வரை போனது நான்கு. நாலிலும் "சொல்லி அனுப்புறோம்"தான். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் போன் செய்தேன், எடுக்கவில்லை.

பொருள் விற்கும்போது நான் ரிசப்ஷனில் காத்திருந்ததே இல்லை, முடிவெடுக்கிறவரைத்தான் பிடிப்பேன். புதுச்சேரி கம்பெனிகளில் ஆள் எடுக்கிறவர்கள் சொல்லுங்கள்: எச்.ஆரை விட்டுவிட்டு நேராக சேல்ஸ் மேனேஜரைக் கூப்பிட்டால் வேலைக்கு ஆகுமா, இல்லை இருக்கிற பெயரும் கெடுமா?