பாட்டிலில் பச்சை மிதந்ததா, படிந்ததா?

கோட்டைவாசல்:
நேற்று இங்கே ஒருத்தர், "ஏரியில் பாசி வேறு, பாக்டீரியா வேறு. பாசியை வலை போட்டு அள்ளினால் தண்ணீர் சுத்தம்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி முழுக்க எரிச்சல். ஐயா, பாசி தான் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தண்ணீரில் கசிய விடுகிறது. அதைத் தின்னத்தான் பாக்டீரியா மொய்க்கிறது. எந்தப் பாசியோ அதற்கேற்ற கூட்டம். பாசி மாறினால் கூட்டமும் மாறும். பாசியைச் சுற்றியுள்ள அந்த மெல்லிய வட்டத்துக்கு 1972இலேயே ஃபைகோஸ்பியர் என்று பெயர் வைத்தாகிவிட்டது. வேலூர்க் கோட்டை அகழியில் ஒரு பாட்டில் மொண்டு வந்து மதில்மேல் வைத்தேன். காலையில் பச்சை மொத்தமும் மேலே, பெயிண்ட் ஊற்றிய மாதிரி. கீழே தெளிவான தண்ணீர். அப்படி மிதப்பது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. அதுவே ஒரு பாக்டீரியாதான். வேறு வேறாம்!

பழைய பாட்டனி:
அந்த "ஒருத்தர்" நான்தான். 31 வருடம் பாட்டனி நடத்தியவன். பச்சை மிதக்காது, படியும். நானும் பாட்டில் வைத்தேன். படிந்தது.

காட்பாடி ஜங்ஷன்:
சார், ரெண்டுமே நடக்கும். நீலப்பச்சை இனங்கள் பலவற்றுக்குச் செல்லுக்குள் காற்றுப்பை உண்டு, மேலே வந்துவிடும். டயாட்டம் என்கிற கண்ணாடி ஓட்டுப் பாசி பெரும்பாலும் அடியில் இறங்கும். நீங்கள் எங்கே மொண்டீர்கள்?

பழைய பாட்டனி:
எங்கே மொண்டால் என்ன தம்பி? படிந்தது.

காட்பாடி ஜங்ஷன்:
தம்பி இல்லை சார், தங்கை.

காவேரிப்பாக்கத்தான்:
நெல்லுக்கு ஏக்கருக்கு 4 கிலோ நீலப்பச்சைப்பாசி போடுகிறோம். பையில் பாசி என்றுதான் அச்சடித்திருக்கிறது. பாக்டீரியா என்று போட்டிருந்தால் எங்க அப்பா தொட்டிருக்கவே மாட்டார்.

பழைய பாட்டனி:
கேட்டுக்கொள்ளுங்கள். விவசாயிக்குத் தெரிகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஓ.பி. அய்யங்கார் பாசி ஆராய்ச்சியை வளர்த்த காலத்தில் அதுவும் பாசிதான். நேற்றுப் பெயர் மாற்றினால் பாசி பாக்டீரியா ஆகிவிடுமா? அப்புறம், பாட்டில் விஷயம்: படிந்தது.

கோட்டைவாசல்:
பாட்டிலைத் தலைகீழாக வைத்துப் பார்த்திருப்பார். ஆற்காடு மக்கன் பேடா வாணியம்பாடியில் பிறந்தது என்று போன தீபாவளிக்கு மூன்று நாள் வாதாடியவர்தானே நீங்கள்?

பழைய பாட்டனி:
மக்கன் பேடாவை இழுக்காதீர்கள். அதிலும் நான் சொன்னதுதான் சரி.

சத்துவாச்சாரிக்காரன்:
ஒரு சந்தேகம். காவேரிப்பாக்கம் 2019லிருந்து ராணிப்பேட்டை மாவட்டம். வேலூர் பேச்சில் அவருக்கு என்ன வேலை?

காவேரிப்பாக்கத்தான்:
1989 வரை எல்லாரும் ஒரே வடாற்காடுதான் அண்ணே. எங்களுடையது பல்லவர் காலத்து ஏரி. ஏரியைப் பற்றிப் பேச எங்களுக்கே உரிமை இல்லையா? உங்கள் பக்கத்தில் ஏரியை மூடி பிளாட் போட்ட கதையை ஆரம்பிக்கட்டுமா?

காட்பாடி ஜங்ஷன்:
விஷயத்துக்கு வருகிறேன். பாசி கொடுக்கிறது, பாக்டீரியா தின்கிறது, கதை அதோடு முடியவில்லை. பல பாசிகளால் பி12 வைட்டமின் தயாரிக்க முடியாது. பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. நீலப்பச்சையில் ஒரு வகையான மைக்ரோசிஸ்டிஸ் கூட்டம் கூட்டமாக வழவழப்பான கூழுக்குள் இருக்கும்; அந்தக் கூழுக்குள்ளேயே வேறு பாக்டீரியாக்கள் குடியிருக்கும். பாசி உயிரோடு இருக்கும்போது லிம்னோஹாபிடன்ஸ் மாதிரி கசிவைத் தின்னும் பாக்டீரியாக்கள் பெருகும். செத்து அழுகினால் ஃபிளேவோபாக்டீரியா மாதிரி பெரிய மூலக்கூறுகளை உடைப்பவை வந்துவிடும். அதனால் வலையில் அள்ளும்போது நசுங்கி மிச்சமாகும் பாசி, அடுத்த கூட்டத்துக்கு விருந்து. இன்னொன்று: மைக்ரோசிஸ்டிஸ் உண்டாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது.

பழைய பாட்டனி:
நீளமாக எழுதினால் மிதந்துவிடுமா? ஒரு கேள்விக்கு மட்டும் பதில்: என் பாட்டிலில் படிந்ததா, இல்லையா?

காட்பாடி ஜங்ஷன்:
உங்கள் பாட்டிலை நான் பார்க்கவில்லை சார்.

பழைய பாட்டனி:
பார்க்காமலா இவ்வளவு நீளம்?

கோட்டைவாசல்:
என் பாட்டிலைப் பாருங்கள். மிதந்தது. மிதந்தது. மிதந்தது.

காவேரிப்பாக்கத்தான்:
எங்கள் குட்டையில் விடியற்காலை மீன் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. தண்ணீர் பச்சைப் பசேல். இதற்கு யாராவது சொல்லுங்கள்.

காட்பாடி ஜங்ஷன்:
ராத்திரி வெயில் இல்லாததால் பாசி ஆக்சிஜன் விடாது, அதுவும் சேர்ந்து மூச்சு விடும். பாக்டீரியாவும் இழுக்கும். விடியும்போதுதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அண்ணே, குட்டையில் சாணம் கொட்டுகிறீர்களா?

சத்துவாச்சாரிக்காரன்:
பிளாட் என்று சொன்னது யாரைப் பற்றி? பெயரைச் சொல்லிப் பேசவும்.

பழைய பாட்டனி:
மீன் பிறகு. இன்று சாயங்காலம் மறுபடி பாட்டில் வைக்கிறேன். நாளை போட்டோ வரும்.

கோட்டைவாசல்:
மூடி எந்தப் பக்கம் என்று தெரிகிற மாதிரி எடுங்கள், வாத்தியாரே.

பழைய பாட்டனி:
மூடி எந்தப் பக்கம் இருந்தாலும் படியும்.