20 − 8 + 5: மகள் 7 என்கிறாள், புத்தகம் 17 என்கிறது

கேள்வி (அம்மாபேட்டை வாசகி)

வணக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள், கணக்கு நோட்டில் 20 − 8 + 5 என்பதற்கு 7 என்று எழுதித் ‘தவறு’ என்ற சிவப்புக் குறியோடு வீட்டுக்கு வந்தாள். 8 + 5 என்பதன் கீழே பென்சிலால் அழுத்தமாக ஒரு கோடு போட்டு, பக்கத்தில் 13 என்று குறித்திருந்தாள். காரணம் கேட்டால், “போட்மாஸில் (கணக்குச் செயல்களின் வரிசையை நினைவில் வைக்க உதவும் BODMAS என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கம்) கூட்டலின் எழுத்து முன்னாலும் கழித்தலின் எழுத்து கடைசியிலும் வருகின்றன, அதனால்தான் முதலில் கூட்டினேன்” என்கிறாள். அவள் வாதத்தில் எனக்கும் பிழை தெரியவில்லை. இது போதாதென்று, எங்கள் மளிகைக் கடைக் கால்குலேட்டரில் 2 + 3 × 4 என்று அழுத்தினால் 20 வருகிறது. கைப்பேசியில் அதையே போட்டால் 14 வருகிறது. எதை நம்பிச் சொல்லிக் கொடுப்பது?

பதில் 1 (ஏற்காடு, ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)

அம்மா, உங்கள் மகள் விதியைக் கவனித்திருக்கிறாள். விதியைச் சொல்லிக் கொடுத்த விதம்தான் அவளை ஏமாற்றிவிட்டது. போட்மாஸில் எழுத்துகள் ஆறு இருந்தாலும் படிகள் நான்குதான்: முதலில் அடைப்புக்குறி, அடுத்து ‘இன்’ (ஆங்கிலத்தில் ‘of’; ‘6-இல் பாதி’ என்பதுபோல), அதற்கடுத்து வகுத்தலும் பெருக்கலும் சேர்ந்து ஒரே படி, கடைசியாகக் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து ஒரே படி. ஒரே படியில் உள்ளவற்றுக்குள் மூத்தது இளையது கிடையாது. இடமிருந்து வலமாக எது முதலில் வருகிறதோ அதையே முதலில் செய்ய வேண்டும்.

அமெரிக்கப் பள்ளிகளில் இதே விதியைப் பெம்டாஸ் என்று சொல்லித் தருகிறார்கள். அதில் பெருக்கலின் எழுத்து வகுத்தலுக்கு முன்னால் நிற்கிறது. எழுத்து வரிசைதான் விதி என்றால் 48 ÷ 4 × 3 என்பதற்கு நமக்கு 36 என்றும் அவர்களுக்கு 4 என்றும் விடை வர வேண்டும். ஆனால் அங்கும் 36 தான் சரி.

மகளிடம் பேருந்தைக் காட்டிச் சொல்லுங்கள். சேலத்திலிருந்து 20 பேரோடு புறப்பட்ட ஏற்காட்டுப் பேருந்தில், அடிவாரத்தில் 8 பேர் இறங்கி 5 பேர் ஏறினால், மலையேறும்போது உள்ளே இருப்பவர்கள் 17 பேர். 8-ஐயும் 5-ஐயும் முதலில் கூட்டியவள், ஏறிய ஐந்து பேரையும் சேர்த்து இறக்கிவிட்டாள். கழித்தல் குறி தனக்கு அடுத்து நிற்கும் 8-க்கு மட்டுமே சொந்தம். 5-க்குச் சொந்தம் அதன் முன்னால் நிற்கும் கூட்டல் குறி.

பதில் 2 (செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை)

ஆசிரியர் ஐயா படிகளை விளக்கிவிட்டார். பெருக்கலுக்கு ஏன் முதலிடம் என்பதை எங்கள் தொழிலை வைத்துச் சொல்கிறேன். ஒரு ஜோடி 40 கிராம் எடையில் 3 ஜோடி, 65 கிராம் எடையில் 2 ஜோடி என்று ஒருவர் கொலுசு வாங்கினால், சீட்டில் 3 × 40 + 2 × 65 என்று எழுதுவோம். 120-உம் 130-உம் சேர்ந்து 250 கிராம். இதையே வந்த வரிசையில் கணக்கிட்டால், 120-உடன் 2-ஐக் கூட்டி 65-ஆல் பெருக்கி 7,930 கிராம் என்று முடியும். ஐந்து ஜோடிக் கொலுசு கிட்டத்தட்ட எட்டுக் கிலோ! அந்த 2 என்பது ஜோடிகளின் எண்ணிக்கை, கிராம் அல்ல. 65-உடன் பெருக்கிய பிறகுதான் அது எடையாகிக் கூட்டத் தகுதி பெறுகிறது.

அடைப்புக்குறியும் அப்படித்தான். 40 கிராம் ஜோடி ஒவ்வொன்றிலும் 2 கிராம் மணிகள் கோத்தால் 3 × (40 + 2), அதாவது 126 கிராம். அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 122 தான் வரும். இரண்டு ஜோடிக்கான மணிகள் கணக்கிலிருந்து உதிர்ந்துபோகும்.

பதில் 3 (கணினிப் பயன்பாட்டியல் மாணவர், ஓமலூர்)

கடைக் கால்குலேட்டர் பழுதாகவில்லை, அக்கா. சாதாரண வகைக் கருவி, நீங்கள் பெருக்கல் குறியை அழுத்தியவுடன் அதுவரை உள்ள 2 + 3-ஐ 5 என்று முடித்துவிட்டு, பிறகே 4-ஆல் பெருக்குகிறது. கைப்பேசியோ முழு வரியையும் வாங்கிக்கொண்டு, படிகளைப் பார்த்துக் கணக்கிடுகிறது. கடைப் பில்லுக்கு, விடையைக் கருவியின் நினைவில் கூட்டி வைக்கும் எம்-பிளஸ் (M+) பொத்தானைப் பயன்படுத்துங்கள்: 3 × 40 எம்-பிளஸ், 2 × 65 எம்-பிளஸ், பிறகு நினைவில் உள்ளதைக் காட்டும் எம்ஆர் (MR) அழுத்தினால் 250 வரும். முந்தைய நினைவை அழித்துவிட்டுத் தொடங்க மறக்காதீர்கள்.

கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. பேருந்து என்றதும் சிரித்துக்கொண்டே நோட்டில் 17 என்று திருத்திவிட்டாள். ஒரே ஓர் ஐயம்: ‘இன்’ என்பதும் பெருக்கல்தானே, அதற்கு மட்டும் ஏன் தனிப்படி?

ஏற்காடு ஆசிரியர்

பெருக்கல்தான் அம்மா, ஆனால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்ட பெருக்கல். ‘36-ஐ 6-இல் பாதியால் வகுக்க’ என்றால் நம் மனம் முதலில் அந்தப் பாதியை, அதாவது 3-ஐ எடுத்துக்கொள்கிறது, விடை 12. அதையே 36 ÷ ½ × 6 என்று வெறும் பெருக்கல் குறியோடு எழுதினால், இடமிருந்து வலமாக 72, பிறகு 432. பழைய பயிற்சிப் புத்தகங்களில் இவ்வகைக் கணக்கு நிறைய உண்டு. ஐயம் வரும் இடத்தில் நான் அடைப்புக்குறி போட்டு எழுதச் சொல்வேன். அதற்காக யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.