வெல்டிங் ஹெல்மட்டுக்குத் தமிழ்: தலைக்கவசமா, தானிருளா, வடிகண்ணாடியா?

கைநூல் தொகுப்பு, மட்டக்களப்பு

எல்லோருக்கும் வணக்கம். உருக்கி ஒட்டுநர் (வெல்டர்) பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கான சிறு கைநூலில், ஹெல்மட் பார்த்து வாங்குவது பற்றிய பகுதி நாலு சொல்லில் சிக்கி நிற்கிறது. வெல்டிங் ரொட்டைத் தட்டியதும் தானாகக் கறுக்கிற ஹெல்மட் ஒன்று. அதன் நடுவில் செருகியிருக்கும் கண்ணாடிப் பெட்டி இரண்டு. 9, 10, 11 என்று கறுப்பின் அளவைச் சொல்லும் எண் மூன்று. வெல்டிங்கை நிறுத்திய பிறகு கண்ணாடி தெளிய எடுக்கும் நேரம் நாலு.

வரைவில் இப்போது இருப்பவை: தானியங்கி இருட்டாக்கும் தலைக்கவசம், இருட்டாக்கும் கண்ணாடி, நிழல் எண், தாமதம். முதலாவதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ரொட் எரிந்துவிடும். சொல்லை மட்டும் அனுப்பாமல், அந்த உறுப்பு என்ன வேலை செய்கிறது, வாங்குபவர் அதில் எதைப் பார்க்கவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பட்டறை, கல்முனை

ஸலாம் சேர். தலைக்கவசத்தை இப்பவே வெட்டிவிடுங்கள். இங்கே தலைக்கவசம் என்றால் மோட்டார் சைக்கிள்தான். முகக்கவசமும் சரிவராது, 2020க்குப் பிறகு அது வாயையும் மூக்கையும் மூடுகிற துணி. பட்டறையில் புழங்குவது ‘வெல்டிங் கண்ணாடி’. ‘ஓட்டோ கண்ணாடி’ என்று கேட்டால் கடைக்காரர் முச்சக்கரவண்டியின் முன்கண்ணாடியைத் தேடினாலும் தேடுவார்.

அடுத்தது, ‘கண்ணாடி’ என்று மட்டும் போட்டால் காஸ் வெட்டுகிறபோது போடுகிற பச்சைக் கண்ணாடியும் அதற்குள் வந்துவிடும். அது வழக்கமாக 5ஆம் எண். காஸ் சுவாலைக்குப் போதும், கரண்ட் வெல்டிங்குக்கு ஆகவே ஆகாது. முகத்தின் தோலும் திறந்திருக்கும். ஆகவே கரண்டால் ரொட் நுனியில் எரிகிற வில்லுக்கு (ஆர்க்) உரியது என்பது பெயரிலேயே தெரியவேண்டும். ‘மின்வில் கவசம்’ எப்படி?

மொழிபெயர்ப்பு, அக்கரைப்பற்று

மின்வில் கவசம் நல்லது, ஆனால் இரண்டு சொல்லாகவே எழுதுங்கள். புணர்த்தி எழுதினால் ‘மின்விற்கவசம்’. வாசிப்பவர் ‘விற்க’ என்ற இடத்தில் நின்று, விலைக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்.

தானாகக் கறுப்பதற்குத் ‘தானியங்கி’ வேண்டாம். எதற்கெடுத்தாலும் தானியங்கி ஒட்டி அந்தச் சொல் தேய்ந்துபோயிற்று. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகத் ‘தானிருள் கவசம்’ என்று வைக்கலாம். தானே இருண்ட, இருள்கிற, இருளும் கவசம். மூன்று காலமும் உள்ளே அடங்கிவிடுகிறது. பழைய வகைக்குக் ‘கருங்கண்ணாடிக் கவசம்’ போதும்.

மின்னணுத் திருத்தம், ஏறாவூர்

தானிருள் காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் ஒரு ஆபத்தும் இருக்கிறது. காப்பது இருள்தான் என்று அந்தப் பெயர் படிப்பிக்கிறது. உண்மை அப்படியல்ல.

அந்தப் பெட்டியைப் பிரித்தால் முன்னால் இருப்பது உலோகப் பூச்சுள்ள கண்ணாடி. கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிரையும் (யூவீ) செந்நிறக்கீழ்க் கதிரையும் (ஐஆர்) தடுப்பது அதுதான். அது எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கரண்டும் தேவையில்லை, கறுக்கவும் தேவையில்லை. அதற்குப் பின்னால் முனைவாக்கும் தாள்களும், இடையில் வழக்கமாக இரண்டு திரவப் பளிங்குப் படலங்களும். வெளியே உள்ள உணரிகள் வில்லைக் கண்டதும் படலத்துக்கு மின்னழுத்தம் போகும், கண்ணுக்குத் தெரியும் ஒளி குறையும். அதாவது இருள் வருவது கண் கூசாமல், உருகிய உலோகக் குளத்தைப் பார்ப்பதற்காக. கண்ணின் வெண்படலத்தையும் கருவிழியின் முன்படலத்தையும் சுடுகிற கழியூதாவுக்கு வேறு காவல்.

இதைப் பிள்ளைகள் விளங்காவிட்டால் மூன்று பிழை வரும். கறுப்பாக இருந்தால் போதும் என்று வெயில் கண்ணாடி, எக்ஸ்றே படம், புகை பிடித்த கண்ணாடி எல்லாவற்றாலும் பார்ப்பார்கள். எண் கூடக்கூடப் பாதுகாப்புக் கூடும் என்று 13இல் வைத்துவிட்டு, ஒட்டும் கோடு தெரியாமல் முகத்தைக் கிட்டக் கொண்டுபோவார்கள். விநாடியின் 25,000இல் ஒரு பங்கில் கறுக்கும் என்ற பெட்டி எழுத்துக்கு வீணாகக் கூடுதல் காசு கொடுப்பார்கள். அந்த இடைவெளியிலும் கழியூதா உள்ளே வராது; பளிச்சென்ற ஒளிதான் வரும். ஆகவே கவசம் எப்படிப் பெயர் பெற்றாலும், பெட்டிக்கு ‘வடிகண்ணாடி’ என்று வையுங்கள். வடிப்பது அதன் நிரந்தர வேலை, இருள்வது இடைக்கிடை வேலை.

மொழிபெயர்ப்பு, அக்கரைப்பற்று

வடிகண்ணாடிக்கு மறுப்பில்லை. அதுவும் வினைத்தொகை, தேநீர் வடி இருக்கிற வீட்டில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. முழுப் பொருளுக்குத் தானிருள் கவசம், உள்ளே இருப்பதற்கு வடிகண்ணாடி. இரண்டும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும்.

பட்டறை, கல்முனை

நிழல் எண்ணுக்கு வருவோம். நிழல் என்றால் வேப்பமரத்துக்குக் கீழே இருப்பது. இந்த எண் ஒளியின் கணக்கு. ஒரு எண் கூடினால் உள்ளே வரும் ஒளி ஏறத்தாழ 2.7 மடங்கு குறையும். 4இல் 5 வீதம் அளவு வரும், 10இல் 0.014 வீதம்தான். 9க்கும் 12க்கும் வித்தியாசம் மூன்று என்று நினைக்கக்கூடாது, 19 மடங்கு. ‘இருள் எண்’ என்று போடுங்கள். ‘கறுப்பு எண்’ணும் ஆகும், ஆனால் சேர்த்து எழுதினால் அக்கரைப்பற்று சேர் திரும்பவும் சிரிப்பார்.

கைநூலில் எண்ணை ரொட்டோடு சேர்த்துச் சொல்லுங்கள். அம்பியரை மட்டும் சொன்னால் பழைய மெஷினில் அந்த முள் சரியாகக் காட்டாது. கேற், கிறில் வேலைக்கு 2.5 மில்லிமீற்றர் ரொட், 60 முதல் 90 அம்பியர்: இருள் எண் 10. லேண்ட்மாஸ்டர் பெட்டி, உழவு யந்திரக் கலப்பைச் சட்டம் என்று 3.2 ரொட்டில் 90 முதல் 140 அம்பியர் போகும்: 10 அல்லது 11. மிக் மெஷினில் (கம்பி தானாக ஊட்டுவது) அதே அம்பியருக்கு வில் கூடுதலாகத் திறந்து தெரியும், 11 வையுங்கள். 160க்கு மேலே ஏறினால் 12. சரிபார்க்கும் முறை: கூடிய எண்ணில் தொடங்கி, உருகிய குளத்தின் விளிம்பும் கசடும் பிரிந்து தெரியும்வரை ஒவ்வொன்றாக இறக்குவது. ரொட் நுனியைச் சுற்றி வெள்ளையாக ஒரு ஒளிவட்டம் மட்டும் தெரிந்தால் எண் போதாது. நுனி மட்டும் தெரிந்து ஒட்டும் கோடு தெரியாவிட்டால் எண் கூடிவிட்டது.

தோணித் திருத்தகம், வாழைச்சேனை

எண்ணைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு உணரியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. விலை குறைந்த கவசத்தில் உணரி இரண்டு. மேசையில் தகடு ஒட்ட அது போதும். தோணியில் கம்பிக்கு அடியால், குழாய்க்கு மறைவால் கையை விட்டு ஒட்டுகிறபோது குழாய் அந்த இரண்டையும் மறைத்துவிடும். மறுகா வில் நடுவில் கண்ணாடி தெளிந்து பளிச்சென்று அடிக்கும். நாலு உணரி உள்ளதை வாங்கவேண்டும்.

டிக் வேலைக்கு (டங்ஸ்டன் முனையால் ஒட்டுவது) இது இன்னும் முக்கியம். துருப்பிடிக்காத இரும்புக் குழாயை 20, 30 அம்பியரில் ஒட்டும்போது வில் சிறிது, ஒளியும் அமைதி. எல்லா வடிகண்ணாடியும் அதைக் காணாது. டிக்கில் எத்தனை அம்பியரிலிருந்து வேலை செய்யும் என்று தாளில் எழுதியிருக்கும். 5 அல்லது 10 என்று இருந்தால் எடுங்கள், ஒன்றுமே எழுதாவிட்டால் விடுங்கள். உணர்திறன் குமிழைக் கூட்டலாம். ஆனால் வெளியில் வெயிலில் நின்றால் அதே குமிழ் வெயிலுக்கே கண்ணாடியைக் கறுக்க வைக்கும், ரொட்டைத் தட்டுகிற இடம் தெரியாது. உள்ளே கூட்டு, வெளியே குறை.

கடையில் பார்க்கிற விதம் ஒன்று: டீவி ரிமோட்டை உணரிக்கு நேரே பிடித்து அமத்தினால் பெரும்பாலான கண்ணாடி துடித்துக் கறுக்கும். கல் தட்டுகிற லைட்டரின் பொறிக்கும் கறுக்கும்.

மின்னணுத் திருத்தம், ஏறாவூர்

அண்ணன் சொன்ன ரிமோட் சோதனை மின்சுற்று உயிரோடு இருப்பதை மட்டும் காட்டும். பூச்சுள்ள கண்ணாடி உண்மையில் இருக்கிறதா என்று காட்டாது. அதற்குக் கண்ணாடியின் சட்டத்தில் பொறித்திருக்கும் குறியைப் படிக்கவேண்டும். பழைய ஐரோப்பியத் தரம் ஈஎன் 379இன்படி ‘4/9-13’ என்று தொடங்கினால், தெளிந்த நிலையில் 4, இருண்ட நிலையில் 9 முதல் 13 வரை. பிறகு செய்தவர் அடையாளம். அதற்குப் பிறகு ‘1/1/1/2’ போல நாலு இலக்கம்: உருவம் கோணலாகாமை, ஒளி சிதறாமை, கண்ணாடி முழுதும் ஒரே கறுப்பாக இருத்தல், சரித்துப் பார்த்தாலும் கறுப்பு மாறாமை. 1 சிறப்பு, 3 கடைசி. நாலாவது இலக்கம் 3 என்றால், குனிந்து ஓரத்தால் பார்க்கும்போது ஒரு பக்கம் வெளிறித் தெரியும். அதில் நாளெல்லாம் வேலை செய்தால் தலை இடிக்கும். குறியே இல்லாத கண்ணாடி எத்தனை தரம் துடித்துக் கறுத்தாலும் வாங்கவேண்டாம்.

பற்றரி பற்றியும் ஒரு வரி சேருங்கள். முன்னால் சூரியக் கலம் தெரிவதால் பற்றரி இல்லை என்று நினைக்கிறார்கள். பலதில் உள்ளே நாணய அளவுப் பற்றரி உண்டு. சீஆர் 2032 அல்லது 2450. கழற்றக்கூடிய மூடி உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள். மூடி இல்லாமல் அடைத்து ஒட்டியதில் பற்றரி செத்தால் முழுப் பெட்டியும் போயிற்று. களப்போரத்துக் காற்றில் உப்பு, பற்றரித் தகட்டில் பச்சை பூக்கும். இடைக்கிடை கழற்றித் துடைத்துப் போடவேண்டும்.

தோணித் திருத்தகம், வாழைச்சேனை

போட வசதி பற்றியும் எழுதவேண்டும். பாரமான கவசத்தைப் பிள்ளைகள் கழற்றிவைத்துவிட்டுக் கண்ணை மூடித் தட்டுவார்கள். மூடிய இமையாலும் வேலை நடக்கும் என்று சொல்லுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். பின்னேரம் தட்டினது நடுச்சாமத்தில், கண்ணுக்குள் மணல் கொட்டினது போல எழும்பும்.

தராசுப் பாரம் அரைக் கிலோ வரை இருக்கலாம். அதைவிட அந்தப் பாரம் எங்கே இழுக்கிறது என்பதே பெரிது. மூக்குக்கு முன்னால் நீண்டிருக்கும் கவசம் 450 கிராம் என்றாலும் கழுத்தை இழுக்கும். தலைப்பட்டையில் உச்சிக்கு மேலால் போகும் வார் இரண்டாக இருக்கவேண்டும், பின்னால் இறுக்கும் குமிழ் கையுறையோடும் திரும்பவேண்டும், முன்பின் நகர்த்தும் துளை இருக்கவேண்டும். நம் வெக்கையில் நெற்றிப்பட்டி முக்கியம்: கழற்றிக் கழுவக்கூடிய துணி நல்லது, ஒட்டிவைத்த பஞ்சு மழைக்காலத்தில் நாறும். மூச்சு பட்டுக் கண்ணாடி புகைத்தால் கவசத்தை ஒரு துளை முன்னுக்குத் தள்ளிக் கண்ணாடியைத் தூரமாக்கினால் நிற்கும். மூக்குக்கண்ணாடி போடுபவரும் அப்படித்தான் செய்யவேண்டும். கிட்ட உள்ளது தெளிவாகத் தெரியாதவருக்கு உள்ளே செருகும் பெருக்குவில்லை தனியாக விற்கிறார்கள். அதற்கான காடி கவசத்தில் இருக்கா என்று வாங்கும்போதே பாருங்கள்.

முன்னால் இருக்கும் பிளாஸ்டிக் தகடு தேய்கிற பொருள், பொறி தின்றுவிடும். அதற்கு ‘காப்புத் தகடு’. மாற்றுத் தகடு அதே அளவில் இங்கே கிடைக்கிறதா என்று கேட்காமல் கவசம் வாங்கக்கூடாது. தகடு மங்கிப் போனதைப் பார்க்காமல் இருள் எண்ணை இறக்கிக்கொண்டே போவது வழக்கமான பிழை. இன்னொன்று, புதுத் தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய பொலித்தீனை உரிக்காமலே பாவித்து, கண்ணாடி கூடாது என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோவது.

கைநூல் தொகுப்பு, மட்டக்களப்பு

இவ்வளவும் வரைவில் ஏறிவிட்டது: தானிருள் கவசம், கருங்கண்ணாடிக் கவசம், வடிகண்ணாடி, இருள் எண், உணரி, காப்புத் தகடு, தலைப்பட்டை. கவசக் குமிழில் உள்ள ‘கிரைண்டிங்’ நிலையைத் தமிழாக்க யாரும் கேட்கவில்லை, நானும் தொடவில்லை. அந்த நிலையில் கண்ணாடி கறுக்காது என்பதை மட்டும் தடித்த எழுத்தில் போடுகிறேன். குமிழைத் திருப்பி வைக்க மறந்து ரொட்டைத் தட்டினால் 4ஆம் எண்ணால் வில்லைப் பார்க்கவேண்டி வரும்.

மிச்சம் ‘தாமதம்’. பஸ் பிந்துவது போலக் குறையாகக் கேட்கிறதே?

பட்டறை, கல்முனை

குறை இல்லை, வேண்டுமென்று வைப்பது. 0.1 விநாடி முதல் 1 விநாடி வரை. புள்ளி புள்ளியாகக் கௌவ வைக்கும்போது குறைத்தால் உடனே தெளிந்து அடுத்த இடம் தெரியும். 3.2 ரொட்டில் நீளமாக இழுத்த பிறகு குளம் கொஞ்ச நேரம் வெள்ளையாக எரியும், அப்போது கூட்டவேண்டும். டிக்கில் வில் நடுங்கினாலும் கூட்டவேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடி விட்டுவிட்டுத் தெளியும்.

மொழிபெயர்ப்பு, அக்கரைப்பற்று

அப்படியென்றால் பெயர் நேரத்துக்குத்தான், பிந்துவதற்கு அல்ல. ‘தெளிநேரம்’ என்று வையுங்கள்.

மின்னணுத் திருத்தம், ஏறாவூர்

தெளிநேரம் சரி. படத்தில் குமிழின் இரண்டு முனைக்கும் ‘கூட’, ‘குறைய’ என்று போடாதீர்கள், பக்கத்தில் உள்ள உணர்திறன் குமிழுக்கும் அதையே போடவேண்டி வரும், பிள்ளைகள் மாறித் திருப்புவார்கள். தெளிநேரத்துக்கு ‘நீளம்’, ‘கட்டை’. உணர்திறனுக்கு ‘கூட’, ‘குறைய’.

கைநூல் தொகுப்பு, மட்டக்களப்பு

அப்படியே போட்டாயிற்று. படம் வரைபவருக்கு இன்றைக்கே அனுப்புகிறேன்.